மூக்கக்கா வாங்கிய டப்பாக்கள்

என் அண்ணியைச் சோம்பேறி என்று சொன்னவள் நான். வாய்ப்பேச்சாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தால் காற்றோடு போயிருக்கும். நான் எழுதிக்கொள்ளச் சொன்னேன். ஒரு பெண் அதைக் காகிதத்தில் எழுதியும் கொண்டாள்.

எங்கள் தெருமுனைப் பெரிய கடையில் மூன்றாவது வரிசை முழுக்க டப்பா உணவுகள்தான். டப்பா மீன், டப்பா பீன்ஸ், டப்பா சோளம், டப்பா சூப். அன்று சாயங்காலம் அண்ணி அந்த வரிசையில் கூடையோடு நின்றிருந்தாள். ஒரு டப்பாவை எடுப்பாள், கவிழ்ப்பாள், கையை நீட்டித் தூரத்தில் பிடித்து, பரீட்சை முடிவு பார்ப்பதுபோல் அடியில் பார்ப்பாள், பிறகு கூடையில் வைப்பாள். நான் பின்னால் நின்றேன். என் பையிலிருந்து ஒரு கீரைக்கட்டு தலையை நீட்டிக்கொண்டிருந்தது, நான் எப்பேர்ப்பட்ட குடும்பப் பெண் என்று கடை முழுக்கச் சொல்வதற்காகவே.

கழுத்தில் அட்டை தொங்கவிட்ட ஒரு சின்னப் பெண் படிவமும் பேனாவுமாக அண்ணியிடம் வந்தாள்.

"ஒரே ஒரு கேள்விதான் மேடம். காய்கறி, மீன் எல்லாம் ஃப்ரெஷ்ஷா கெடைக்குது. அப்புறம் ஏன் டப்பா வாங்குறீங்க? நேரம் இல்லையா, விலை கம்மியா, ருசி பிடிச்சிருக்கா, சமைக்கத் தெரியாதா? வேற காரணம்னா சொல்லுங்க, எழுதிக்கிறேன்."

அண்ணி வாயைத் திறந்தாள். என்ன சொல்லியிருப்பாளோ, இன்றுவரை எனக்குத் தெரியாது. நான் முந்திக்கொண்டேன்.

"சோம்பேறித்தனம்னு எழுதிக்கம்மா. கட்டம் இல்லைன்னா புதுசா ஒண்ணு போட்டுக்க."

அந்தப் பெண் சிரித்தாள். பக்கத்தில் பால் பாக்கெட் எடுத்துக்கொண்டிருந்தவரும் சிரித்தார். அண்ணியும் சிரித்துவிட்டு, கூடையைக் கை மாற்றிக்கொண்டு பணம் கட்டும் இடத்துக்குப் போனாள். வாயாடி என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று நான் எனக்கே முதுகில் தட்டிக்கொண்டேன்.

எனக்கு ஏன் அவ்வளவு ஆத்திரம் என்று சொல்ல வேண்டும். ஒரே கட்டிடத்தில்தான் குடியிருந்தோம். கீழே நான், தையல் மெஷின், மாதத்தில் நாலு நாள் வீட்டுக்கு வரும் லாரி டிரைவரான என் வீட்டுக்காரர். மாடியில் அண்ணனும் அண்ணியும். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. அண்ணி மொத்த காய்கறிச் சந்தையில் தரம் பிரிக்கும் வேலை பார்த்தாள். ஊருக்கெல்லாம் காய் போகிற இடத்தில் நாள் முழுக்க நின்றுவிட்டு வந்து, கட்டின புருஷனுக்கு டப்பா பீன்ஸை ஊற்றி வைத்தால் கூடப்பிறந்தவளுக்கு வயிறு எரியாதா?

சந்தையில் அவளுக்கு மூக்கக்கா என்று பெயர். லாரியிலிருந்து உருளைக்கிழங்கு மூட்டை இறங்கும். மற்றவர்கள் வாய்த் தையலைப் பிரித்து, கொட்டி, உருட்டிப் பார்ப்பார்கள். அண்ணி பிரிக்கவே மாட்டாள். குனிந்து, மூட்டையின் வாயிலிருந்து அடிவரை மூக்கை ஓட்டிக்கொண்டு போவாள். "இதுல ஒண்ணு போயிருக்கு. அடியில, செவுத்துப் பக்கம்" என்பாள். கொட்டிப் பார்த்தால் அங்கே ஒரே ஒரு கிழங்கு அழுகிக் கசிந்துகொண்டிருக்கும். ஒரு கிழங்கு அழுகினால் இரண்டு நாளில் மூட்டை முழுவதும் போய்விடும் என்பதால், மூக்கக்கா பார்த்தாயிற்றா என்று கேட்காமல் எந்த வியாபாரியும் சரக்கை ஏற்றமாட்டார். பக்கத்து மேசைக்காரி ஒருமுறை, "எங்க மொதலாளிக்குக் கணக்குப்பிள்ளை இல்லாட்டியும் ஓடும், உங்கண்ணி மூக்கு இல்லாட்டி ஓடாது" என்று என்னிடம் சொன்னாள். அடுத்தவர் விஷயத்தில் மூக்கை நுழைப்பதில் நானும் பேர் வாங்கியவள்தான், ஆனால் அதற்கு யாரும் எனக்குச் சம்பளம் தரவில்லை.

அண்ணன் பேருந்துக் கண்டக்டர். ஒளிந்து ஒளிந்து சிகரெட் பிடிப்பான். புதினா மிட்டாயைச் சப்பிக்கொண்டு, சட்டையை உதறிக்கொண்டு மாடிப்படி ஏறுவான். பாதிப் படி ஏறுவதற்குள் மேலேயிருந்து குரல் வரும்.

"ரெண்டா, மூணா?"

"ஒண்ணுதாம்மா."

"அப்ப ரெண்டு."

கீழே மெஷினை நிறுத்திவிட்டு நான் சிரிப்பேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாலும் மறைக்கலாம், அண்ணியிடம் ஒரு சிகரெட்டை மறைக்க முடியாது.

பிறகு அண்ணனுக்குக் குடலில் கட்டி வந்தது. ஒரு துண்டை வெட்டி எடுத்துவிட்டுத் தைத்து அனுப்பினார்கள். கிளம்பும்போது டாக்டர் அண்ணியையும் என்னையும் நிற்க வைத்துச் சொன்னார்: "சாப்பாட்டுல மட்டும் ஜாக்கிரதை. கெட்டுப்போனது எதுவும் உள்ள போகக் கூடாது. நமக்கு ஒருநாள் வயித்துவலியோட போறது, இவருக்கு அப்படிப் போகாது." அண்ணி தலையாட்டினாள். என் வீட்டிலா கெட்டுப்போனது உள்ளே போகும் என்பதுபோல் ஒரு தலையாட்டல் அது. எனக்கும் அந்த நம்பிக்கைதான் இருந்தது.

அந்த வருடக் குளிரில் அண்ணிக்கு ஒரு காய்ச்சல் வந்தது. பத்து நாள் படுத்தாள். எழுந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை, அண்ணனுக்கு வாந்தியும் பேதியும் கண்டு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். பதினொரு நாள். திரும்பி வந்தபோது கண்டக்டர் பை மாட்டிய தோள் எலும்பும் தோலுமாக இருந்தது. எதைச் சாப்பிட்டான் என்று டாக்டர் கேட்டதற்கு அண்ணி, "மீன்" என்று மட்டும் சொன்னாள்.

அன்றைக்கு ஆரம்பித்ததுதான் டப்பா. மாடி அடுப்பில் தாளிக்கும் சத்தமே நின்றுபோனது. குப்பைக்கூடையில் காலி டப்பாக்கள் உருண்டன. உடம்பு தேற வேண்டியவனுக்கு இப்படியா என்று நானே பருப்பும் காயும் சமைத்து மாடிக்கு எடுத்துப் போனேன். அண்ணி பாத்திரத்தை வாங்கித் திறந்து பார்த்தாள். "எப்ப செஞ்சது?" என்றாள். "இப்பதான், ஏன்?" என்றேன். "காய் எப்ப வாங்கினது?" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. மறுநாள் காலையில் குப்பை போடப் போனால், என் பருப்பும் காயும் அப்படியே கூடையில் கிடக்கின்றன.

அதற்கு மேல் நான் பேசவில்லை. அதாவது அவளிடம் பேசவில்லை. தெருவில் எல்லோரிடமும் பேசினேன். நரம்பில்லாத நாக்குதானே, எப்படி வேண்டுமானாலும் புரண்டது. "எங்கண்ணன் கல்யாணம் பண்ணிக்கிட்டது டப்பா தொறக்கிற கருவியை" என்று சொன்னால் கேட்டவர்கள் சிரித்தார்கள். அந்த வாரம்தான் கடையில் அந்தப் பெண் படிவத்தோடு வந்தாள்.

இரண்டு வாரம் கழித்து எதிர்வீட்டுக்காரர் என் வாசலில் வந்து நின்றார். மூக்கைப் பொத்தியிருந்தார்.

"ஏம்மா, உங்க மாடியில எதாச்சும் செத்துக் கெடக்குதா? தெருவுல நிக்க முடியல."

இரண்டு நாளாக எனக்கும் வாடை வந்துகொண்டுதான் இருந்தது. பேச்சு விட்ட வீட்டுக்குள் எப்படிப் போவது என்று இருந்தேன். இப்போது சண்டைக்குக் காரணம் தாம்பாளத்தில் வந்த மாதிரி வந்தது. இரண்டிரண்டு படியாகத் தாண்டி ஏறினேன். கதவைத் தள்ளியதும் வாடை முகத்தில் அறைந்தது.

அடுப்படியில் அண்ணி குளிர்சாதனப் பெட்டிக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, அண்ணன் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். மடியில் ஒரு தட்டு. அதில் கடித்து வைத்த ரொட்டித் துண்டு.

"குடும்பம் நடத்துற லட்சணமா இது? எப்படித்தான் இதுக்கு நடுவுல உக்காந்து தின்ன முடியுதோ!"

அவள் நிமிர்ந்தாள். "எதுக்கு நடுவுல?"

நக்கல் செய்கிறாள் என்று நினைத்தேன். பெட்டியை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தேன். அதன் பின்னால், அவள் முழங்காலிலிருந்து ஒரு முழத் தூரத்தில், ஒரு எலி செத்து உப்பிக் கிடந்தது. அண்ணி அதைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். ஊசி கையிலேயே நின்றுபோனது. அவள் முகத்தில் இருந்தது அருவருப்பு இல்லை. பயம்.

"சளி பிடிச்சிருக்கு. அதான்" என்றாள்.

உள்ளறையிலிருந்து அண்ணன் கூப்பிட்டான். "இந்தாம்மா, கடையில போயி ஃபினாயில் வாங்கிட்டு வா. தங்கச்சி இருக்கா இல்ல, நான் தனியா இல்ல." அண்ணி என் முகத்தைப் பார்க்காமல் பையை எடுத்துக்கொண்டு இறங்கினாள். நான் எலியை வாரிப் போட்டுவிட்டு உள்ளே போனேன். அண்ணன் மூக்கில் ஒரு துண்டைக் கட்டியிருந்தான். அவள் செருப்புச் சத்தம் படியில் கேட்ட பிறகுதான் கட்டியிருக்க வேண்டும், முடிச்சு அவசரத்தில் போட்டதாக இருந்தது.

"பட்டாசு, கதவைச் சாத்திட்டு வா" என்றான். என்னைச் சின்ன வயதிலிருந்து அப்படித்தான் கூப்பிடுவான். "சத்தம் போடாம கேளு. அவளுக்கு மூக்கு போயிருச்சு."

"என்னது?"

"அந்தக் காய்ச்சல்ல. ஒண்ணுமே தெரியல அவளுக்கு. பால் திரிஞ்சது, சோறு ஊசினது, எண்ணெய் காறினது, எதுவும் தெரியல. அதான் டப்பா. அடியில தேதி போட்டிருக்கு பாரு, அதை மட்டும்தான் அவளால நம்ப முடியுது."

என் கையில் துடைப்பம் இருந்தது. அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. குப்பைக்கூடையில் கிடந்த என் பருப்பு கண்ணுக்கு முன்னால் வந்தது. எப்ப செஞ்சது, காய் எப்ப வாங்கினது.

"அண்ணி உங்கிட்ட சொன்னாங்களா?"

"எங்க சொல்றா. நானா கண்டுபிடிச்சதுதான். அந்த மீன் அன்னிக்கு."

"அண்ணே, அந்த மீனு..."

"வாயில வெச்சதுமே தெரிஞ்சுருச்சு. நாறிப்போயிருந்தது."

"தெரிஞ்சா துப்ப வேண்டியதுதானே! ஏன் சாப்பிட்டே?"

அவன் மூக்கில் கட்டிய துண்டைக் கீழே இறக்கினான்.

"தட்டை வெச்சுட்டு முன்னாடியே உக்காந்தா. எப்படி இருக்குன்னு கேட்டா. இருபத்திரண்டு வருஷத்துல ஒருநாளும் அவ அப்படிக் கேட்டதில்லை. அவ கேக்கவே வேண்டாமே, அடுப்புல இருக்கும்போதே அவளுக்குத் தெரியும். அன்னிக்குக் கேட்டா. என் மூஞ்சியையே பாத்துக்கிட்டு. ஊருக்கே மோந்து சொல்றவ. அவகிட்ட இது நாறுதுடின்னு எப்படிச் சொல்றது? நல்லா இருக்குன்னேன். நாலு வாய்தானே, என்ன ஆயிரும்னு நெனச்சேன்." பிறகு என் மணிக்கட்டைப் பிடித்தான். "எனக்குத் தெரிஞ்சுதான் தின்னேன்னு அவளுக்குத் தெரியக் கூடாது. என் மேல சத்தியம் பண்ணு. உன் வாய் எனக்குத் தெரியும்."

சத்தியம் செய்தேன். கீழே வந்து மெஷின் முன்னால் உட்கார்ந்து, அதன் மேலேயே தலையை வைத்து அழுதேன். தைக்க வேண்டிய பள்ளிச் சீருடை நனைந்தது.

அதன் பிறகு நான் வெட்கமில்லாதவள் ஆனேன். தினமும் சாயங்காலம் காய்ப் பையோடு மாடிக்குப் போய், "அண்ணி, என் அடுப்பு சரியில்லை, இங்கயே செஞ்சுக்கறேன்" என்பேன். அவள் கண் முன்னாலேயே காயை நறுக்குவேன், அவள் கண் முன்னாலேயே வேகவைப்பேன். பால் காய்ச்சினால், "பசிக்குது" என்று முதல் வாய் நான் குடிப்பேன். நான் விழுங்குவதை அவள் பார்த்துக்கொண்டே இருப்பாள். பிறகுதான் அண்ணனுக்கு ஊற்றுவாள். என் அடுப்பு எத்தனை நாள் சரியில்லாமல் இருக்கும் என்று அவள் கேட்கவே இல்லை. எனக்குத் தெரியும் என்று அவளுக்குத் தெரிந்திருக்கும். ஆனாலும் இரண்டு பேரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஐம்பது நாள் போல அண்ணன் சூடாகச் சாப்பிட்டான்.

அந்த நாட்களில்தான் சந்தையிலும் விஷயம் வெளிவந்தது. அவள் பார்த்து அனுப்பிய மூட்டை ஒன்று அழுகித் திரும்பி வந்தது. யானைக்கும் அடி சறுக்கும் என்றார்கள். இரண்டாவது மூட்டை வந்தபோது பண்டிகை நேரத்து வேலை நெருக்கடி, கவனம் சிதறியிருக்கும் என்றார்கள். மூன்றாவது வந்தபோது விஷயம் முதலாளி வரைக்கும் போனது. முதலாளி நல்லவர், அனுப்பிவிடவில்லை. காலி மூட்டைகளை உதறி மடிக்கும் இடத்துக்கு மாற்றினார். எல்லோரும் அவளை இன்னும் மூக்கக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். பழக்கம்தான், கெட்ட எண்ணம் இல்லை. ஒவ்வொரு முறையும் அவள் திரும்பிப் பார்த்து, "என்ன?" என்று கேட்டாள்.

அண்ணனுக்குத் தையல் போட்ட இடத்தில் குடல் அடைத்துக்கொண்டது. ஆஸ்பத்திரிக்குப் போனவன் திரும்பி வரவில்லை. கட்டி இன்னொரு இடத்துக்கும் பரவியிருந்தது என்று டாக்டர் சொன்னார். அவர் சொன்னதை நான் நன்றாகக் கேட்டுக்கொண்டேன். அண்ணி கேட்டாளா என்று தெரியவில்லை, அவள் அவனுடைய செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

துக்கத்துக்கு வந்தவர்களெல்லாம் போன பிறகு ஒருநாள் மத்தியானம் மாடிக்குப் போனேன். அண்ணன் சட்டைகள் கட்டிலில் குவிந்திருந்தன. துவைக்காதவை. அண்ணி ஒன்றை எடுத்து முகத்தில் அழுத்திக்கொண்டிருந்தாள். மூச்சை இழுத்தாள். எடுத்துவிட்டு அடுத்ததை எடுத்தாள். மறுபடியும் இழுத்தாள். என்னைப் பார்த்ததும் சட்டையை மடியில் வைத்தாள்.

"ஒண்ணும் வரல" என்றாள். "சிகரெட் வாடைகூட வரல."

அவளைக் கட்டிக்கொண்டேன். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவளை நான் கட்டிக்கொண்டதே இல்லை. அப்போதுதான் அவள் சொன்னாள். காய்ச்சல், டாக்டரிடம் ரகசியமாகப் போனது, வந்தால் வரும் வராவிட்டால் இல்லை என்று அவர் கைவிரித்தது, எல்லாவற்றையும் எனக்குத் தெரியாததைச் சொல்வதுபோல் சொன்னாள். நானும் தெரியாதவள்போல் கேட்டேன்.

"நான்தான் அவரைக் கொன்னுட்டேன். அந்த மீனாலதான் உடம்பு உடைஞ்சுது."

"இல்ல அண்ணி. டாக்டர் சொன்னாரே, கட்டின்னு."

"கட்டி அப்புறம். மொதல்ல மீன்." என் கையை விலக்கிவிட்டு முகத்தைப் பார்த்தாள். "ஒண்ணே ஒண்ணுதான் எனக்குக் கொஞ்சம் ஆறுதல். அவருக்குத் தெரியாது. மருந்து தின்னு தின்னு நாக்கு செத்துப்போயிருந்துச்சு போல. நல்லா இருக்குன்னு சொல்லித்தான் சாப்பிட்டாரு. தெரிஞ்சிருந்தா சாப்பிட்டிருப்பாரா?"

ஐந்து நிமிடம் சும்மா இருக்கத் தெரியாதவள் நான். வீட்டு ரகசியத்தைத் தெருவில் விற்றவள். அப்போது உண்மை என் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அவன் அவளை எவ்வளவு ஆசையாக வைத்திருந்தான் என்று சொல்ல அதைவிடப் பெரிய சாட்சி என்னிடம் இல்லை. ஆனால் அதைச் சொன்னால், இனி ஒவ்வொரு நாளும் அவள் அந்தத் தட்டின் முன்னால் போய் உட்கார வேண்டும், அவன் தெரிந்தே விழுங்குவதைப் பார்த்துக்கொண்டு. அவனுக்குத் தெரியாது என்பதுதான் அவளுக்கு மிச்சமிருந்த ஒரே ஆறுதல்.

"எப்படி அண்ணி தெரியும்? தெரிஞ்சா துப்பியிருப்பான்" என்றேன்.

"ஆமாம்ல" என்றாள். சட்டையை எடுத்து மடிக்க ஆரம்பித்தாள்.

வருடம் ஒன்று போனது. அண்ணி இன்னும் டப்பாதான் சாப்பிடுகிறாள். கீழே வந்து என்னோடு சாப்பிடச் சொல்லிக் கெஞ்சியாயிற்று, சண்டையும் போட்டாயிற்று. "எனக்கு எல்லாம் ஒண்ணுதாம்மா. தண்ணியும் ஒண்ணுதான், மீனும் ஒண்ணுதான். உனக்கெதுக்கு வேலை" என்கிறாள். அதனால் அவளோடு கடைக்குப் போகிறேன். அவளுக்குக் கண் மங்கிவிட்டது, கையை எவ்வளவு நீட்டினாலும் டப்பா அடியில் இருக்கும் பொடி எழுத்து தெரிவதில்லை. அவள் எடுத்துக் கொடுப்பாள், நான் தேதியைப் படிப்பேன்.

போன வாரம் அந்தப் பெண் மறுபடியும் நின்றாள். அதே அட்டை, அதே மாதிரிப் படிவம். எங்களை அவளுக்கு ஞாபகமில்லை.

"ஒரே ஒரு கேள்விதான் மேடம். ஃப்ரெஷ்ஷா எல்லாம் கெடைக்கும்போது ஏன் டப்பா வாங்குறீங்க?"

நான் வாயைத் திறந்தேன். அண்ணியின் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டேன். கட்டங்களை ஒவ்வொன்றாகப் படித்துக்காட்ட அவள் ஆரம்பித்தாள். அண்ணி அவளைப் பாதியில் நிறுத்தினாள்.

"சோம்பேறித்தனம்னு எழுதிக்கம்மா. போன வருஷமும் அதான் எழுதினே."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். அதில் குத்தல் இருந்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன், எனக்கு அது தகும். குத்தல் இல்லை. அந்தப் பதிலுக்குள் ஒளிந்துகொள்வது அவளுக்கு வசதியாக இருந்தது, அவ்வளவுதான். அந்தப் பெண் எழுதிக்கொண்டு நன்றி சொல்லிப் போனாள்.

அண்ணி கடைசி டப்பாவை என்னிடம் நீட்டினாள். கவிழ்த்துப் பார்த்தேன். எழுத்து கலங்கித் தெரிந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தேன்.

"இன்னும் மூணு வருஷம் இருக்கு அண்ணி."

"அவ்ளோ நாளா?" என்று வாங்கிக் கூடையில் வைத்தாள்.